கம்பி இல்லாத கட்டில்

அத்தியாயம் 11

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டதுமே உள்ளே பாயில் கிடந்த ஸ்நேகா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

பதினோரு வயதுப் பெண். பேச்சு வராது. நடக்க முடியாது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். ஆனால் பெரியப்பாவின் டாடா ஏஸ் ஹாரனை மட்டும் ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுப்படியில் உப்புமா கிளறிக்கொண்டிருந்த ஏஞ்சலுக்கும் சிரிப்பு வந்தது. மாமா நேரத்துக்கு வந்துவிட்டார். இப்போது கிளம்பினால் மத்தியானத்துக்குள் வேப்பம்பட்டு போய்விடலாம். சாயந்திரம் கட்டிலோடு திரும்பிவிடலாம்.

போன வாரம் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததில் ஸ்நேகாவின் உதடு கிழிந்ததும், முன்பல் ஒன்று போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து அவளுக்குத் தரையில் பாய்தான். தரையில் போட்டாலும் நிம்மதி இல்லை. வலிப்பு வந்தால் சுவரில் போய் மண்டையை மோதிக்கொள்கிறாள். குனிந்து குனிந்து அவளைத் தூக்கி ஏஞ்சலின் இடுப்பு விட்டுப்போய்விட்டது.

திருவள்ளூரில் ஸ்நேகா போகிற சிறப்புப் பள்ளியில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் மணவாளன் சார்தான் அந்தக் கட்டிலைக் காட்டினார். நாலு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குப் பலகை, உள்பக்கம் முழுக்க மெத்தை தைத்தது. ஒரு பக்கம் கதவு மாதிரி திறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் படுக்கை ஏஞ்சலின் இடுப்பளவுக்கு மேலே ஏறி வரும். கம்பி என்பதே கிடையாது.

"இந்த மாதிரி புள்ளைங்களுக்குக் கம்பி வச்ச கட்டில் மட்டும் வேணாம்மா. கையோ காலோ தலையோ நடுவுல மாட்டிக்கும்" என்றார் அவர்.

அதே மாதிரிக் கட்டில் ஒன்று வேப்பம்பட்டில் கல்பனா என்ற அம்மாவிடம் சும்மா கிடப்பதாகவும் அவரே சொன்னார். அந்த அம்மாவின் பையன் மார்கழியில் இறந்துவிட்டான். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்கு அண்ணன் வீட்டோடு போகிறார். "இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வந்து எடுத்துக்கோங்கம்மா. நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தார்.

ஏஞ்சல் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

வண்டியின் பின்னால் ஏற்கெனவே ஒரு கட்டில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில். இரும்பு. இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கம்பிகள்.

கணவனின் அண்ணன் ஸ்டீபன் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஜெயித்து வந்தவர் மாதிரி நின்றார்.

"ஏஞ்சலு, எப்படி கீது பாரு! ஊத்துக்கோட்டை பக்கத்துல ஒரு நர்சிங் ஹோம் மூடிட்டாங்க. சாமானெல்லாம் ஏத்துறதுக்கு நம்ம வண்டிதான் போச்சு. இத்த மட்டும் பாப்பாவுக்குன்னு கேட்டு வாங்கியாந்தேன். யானை ஏறினாலும் ஒடையாது."

"மாமா, கம்பி வச்சது வேணாம்னு சார் சொல்லிக்கீறாரு. வேப்பம்பட்டுல நல்லதா ஒண்ணு கீது. நேத்தே சொன்னேனே..."

"எவனோ செத்துப்போன பையன் படுத்த கட்டிலு. அத்தயா நம்ம பாப்பாவுக்குப் போடுவ? நான் உசுரோட இருக்கும்போதா?"

ஏஞ்சல் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பென்னி ராத்திரி ஷிப்ட் முடிந்து சிப்காட் ரோலிங் மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். முகமெல்லாம் இரும்புத் தூசி. அவன் அண்ணனைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அப்பா இல்லாத வீட்டில் அவனைப் படிக்க வைத்து, மில்லில் சேர்த்துவிட்டு, கல்யாணமும் செய்து வைத்தவர் ஸ்டீபன். அவருக்கு எதிராகப் பென்னிக்கு நாக்கு புரண்டதே இல்லை.

"அண்ணன் ஆசையா கொண்டாந்துகீது. போட்டுப் பாக்கலாமே" என்றான்.

"ரெண்டு கம்பிக்கு நடுவுல எம்மா எடம் கீது பாருய்யா. அவ ஒடம்பே நுழைஞ்சிடும்!"

"நான் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கேன், போதுமா?" என்றார் ஸ்டீபன். "பேஜாரு பண்ணாத. வழிய வுடு."

கட்டில் உள்ளே வந்தது. பெரிய ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். பக்கக் கம்பியை இறக்கி ஏற்றும் கொண்டி துருப்பிடித்து இறுகியிருந்தது. "அது எதுக்கு, எறங்காம இருந்தா இன்னும் சேப்டி" என்று ஸ்பேனரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

ஸ்நேகாவை அவரே தூக்கிப் படுக்க வைத்தார். அவள் அவர் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

ஏஞ்சல் அடுப்படிக்குப் போனபோது அவளுடைய செல்போன் அடித்தது. பென்னி எடுத்தான். "இல்லம்மா... எங்களுக்கு வேற கட்டிலு கெடைச்சிடுச்சி. நீங்க யாருக்காவது குடுத்துடுங்க" என்று அவன் சொல்வது காதில் விழுந்தது.

ஏஞ்சல் கரண்டியோடு ஓடி வந்தாள். அதற்குள் போனை வைத்துவிட்டான்.

"யாரக் கேட்டு சொன்ன? பெத்தவ நான் செத்தா போயிட்டேன்?"

கரண்டியால் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். சூடான உப்புமா அவன் கழுத்தில் தெறித்தது. பென்னி கத்தவில்லை. துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டான்.

மத்தியானம் வெயில் ஏறியபோது ஸ்நேகாவுக்கு வலிப்பு வந்தது.

ஸ்டீபன் சொன்னபடி பக்கத்திலேயேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வண்டி ஓட்டிய களைப்பு. கண் ஒரு நிமிஷம் செருகியிருக்க வேண்டும். கட்டில் கடகடவென்று ஆடிய சத்தத்தில் விழித்தார்.

வலிப்பு உதறிய உதறலில் ஸ்நேகாவின் கால்கள் இரண்டும் கம்பிகளுக்கு நடுவே வெளியே போயிருந்தன. பின்னாலேயே இடுப்பு. பின்னாலேயே மார்பு. எலும்பும் தோலுமான உடம்பு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தலை மட்டும் போகவில்லை. தாடைக்குக் கீழே இரண்டு கம்பியும் கழுத்தைக் கவ்விக்கொள்ள, உடம்பின் பாரம் முழுக்கக் கழுத்தில் தொங்கியது.

"பாப்பா!"

ஸ்டீபன் அவள் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். தலை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

அலறல் கேட்டு ஓடி வந்த ஏஞ்சல் ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள்.

"இழுக்காதீங்க மாமா! மேல தூக்குங்க! தூக்குங்க!"

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மூட்டை தூக்கிப் பழகிய கைகள். பயம் பிடித்தவனின் பலம் வேறு. காலைக் கட்டிலில் உதைத்துக்கொண்டு, "வந்துடு கண்ணு, வந்துடு கண்ணு" என்று அழுதுகொண்டே இழுத்தார். ஸ்நேகாவின் முகம் சிவந்து, கறுத்து, நீலமாகிக்கொண்டிருந்தது. கண்கள் பிதுங்கின. கழுத்தில் ஏதோ மளுக்கென்றது.

ஏஞ்சல் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் தள்ளிவிட்டார். சட்டையைப் பிடித்தாள், கிழிந்தது. தோளில் கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தது. அவர் விடவில்லை.

ஜன்னல் திட்டில் ஸ்பேனர் இருந்தது.

எடுத்தாள். ஓங்கினாள். அவர் நெற்றிப் பொட்டுக்கு மேலே இறக்கினாள்.

தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்டீபன் கையை விட்டார். ஒரு கணம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். ரத்தம் புருவத்தில் இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது.

ஏஞ்சல் ஸ்பேனரை வீசிவிட்டு ஸ்நேகாவின் உடம்பை இரண்டு கையாலும் ஏந்தி மேலே தூக்கினாள். கழுத்தின் பாரம் குறைந்தது. தொண்டைக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். மூச்சு! கொஞ்சூண்டு மூச்சு.

"பென்னி! யோவ் பென்னி!"

முதலில் வந்தது பென்னி இல்லை. முன்வீட்டிலிருந்து ஸ்டீபனின் மனைவி சுமலதா வந்தாள். ஸ்பேனர் இறங்கிய அந்த நொடியில்தான் அவள் வாசற்படியில் கால் வைத்திருந்தாள். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் புருஷனின் மண்டை பிளந்ததைத்தான்.

"அடிப்பாவி! கொலகாரி! என் புருஷன கொன்னுட்டியேடி!"

ஏஞ்சலின் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முதுகில் குத்தினாள். கன்னத்தில் நகத்தால் கீறினாள். ஏஞ்சலால் திருப்பி அடிக்க முடியவில்லை. இரண்டு கையிலும் பிள்ளை. கையை எடுத்தால் பாரம் மறுபடி கழுத்துக்குப் போய்விடும்.

"அடிக்கா! எம்மா வேணா அடி! ஆனா என் கைய மட்டும் தொடாத! தொட்டா புள்ள செத்துடும்!"

தூங்கி எழுந்து கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த பென்னி ஈரத் துண்டோடு ஓடி வந்தான். பார்த்தான். திரும்பி வண்டிக்கு ஓடினான். வரும்போது கையில் டயர் மாற்றும் ஜாக்கி இருந்தது. அதைக் கம்பிகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஆயுசு முழுக்க இரும்போடு மல்லுக்கட்டியவன். கம்பி முனகியது. பிறகு வில்லாக வளைந்தது.

தலை வெளியே வந்தது.

ஸ்நேகா துணி பொம்மை மாதிரி ஏஞ்சலின் மடியில் விழுந்தாள். வலிப்பு நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது. ஏஞ்சல் அவளை ஒருக்களித்துப் போட்டு, வாயிலிருந்த நுரையையும் ரத்தத்தையும் விரலால் வழித்து, முதுகில் தட்டினாள். அறைந்தாள். "மூச்சு வுடுடீ! ஏய், வுடுடீ!"

மூன்றாவது அறையில் பிள்ளை இருமியது.

"எழுந்திரு. வண்டிய எடுக்கணும்" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டீபன். சுவரைப் பிடித்து எழுந்து நின்று, தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பென்னிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க நேரமில்லை.

சுமலதா குறுக்கே நின்றாள். "இந்த மண்டைய வச்சிக்கினு நீ ஓட்டுவியா? செத்துடுவ!"

அவளை ஒரு தள்ளு தள்ளினார். அவள் கதவில் போய் மோதினாள்.

பென்னியின் ஈரத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்டீபன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சிப்காட் ரோட்டில், எதிர்ப்பக்கமாகவே ஏறிப் போனார். கண்ணில் வழியும் ரத்தத்தை ஒரு கை துடைத்துக்கொண்டேயிருக்க, இன்னொரு கை ஹாரனிலிருந்து எடுபடவில்லை. ஏஞ்சல் மடியிலிருந்த முகத்தையே பார்த்தாள். எந்த ஹாரனுக்கு அந்தப் பிள்ளை எப்போதும் சிரிக்குமோ, அதற்கு இன்று உதடு அசையவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்நேகாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். கழுத்தெலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, கழுத்துக்குக் கீழே காறையெலும்புதான் முறிந்திருக்கிறது, தொண்டை வீக்கம் வடியும்வரை கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா இங்க கொண்டு வந்திருக்கவே வேணாம்" என்றும் சொன்னார்.

ஏஞ்சல் நடைபாதையில் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் பென்னி வந்தான்.

"ஏஞ்சலு..."

திரும்பி அவன் நெஞ்சில் குத்தினாள். இரண்டு கையாலும் குத்தினாள். வார்டுக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"ஒரு வார்த்த! வேணாண்ணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி போயிருப்ப? அண்ணன் மூஞ்சி வாடிடும்னு புள்ளய கம்பில தொங்க வுட்டியே!"

பென்னி அடியை வாங்கிக்கொண்டு நின்றான். "தப்புதான்" என்றான். "நான் ஆம்பளயே இல்ல" என்றான்.

"அத்த வச்சி நான் இன்னா பண்றது? என் போன குடு."

கல்பனாவை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் வேணாம்னாரேம்மா. நான் இன்னொருத்தங்களுக்கு வரச் சொல்லிட்டேனே... சரி, அவங்க இன்னும் வரல. யாரு முதல்ல வர்றாங்களோ எடுத்துக்கட்டும். நான் வேற என்ன செய்ய?"

ஏஞ்சல் போனை வைத்தபோது எதிரே போலீஸ் ஏட்டம்மா அஞ்சம்மாள் நின்றிருந்தார். பக்கத்தில் சுமலதா, நெற்றியில் ஒரு புடைப்போடு.

"இவதாம்மா. பெத்த புள்ளய கட்டில் கம்பியில வச்சி நெறிச்சா. ஊனமான புள்ள, பாக்க முடியலன்னு முடிச்சிடப் பாத்தா. தடுக்கப் போன என் புருஷன் மண்டைய ஒடச்சிட்டா. என் கண்ணால பாத்தேன்."

பெற்ற பிள்ளையை நெரித்தாளாம்!

"ஏக்கா, உனக்கு ரெண்டு புள்ளைங்க கீதே. எப்படிக்கா இந்த வார்த்த வந்துச்சி உன் வாய்ல?"

"பாத்தத சொல்றேன். உன் புள்ளைக்கே அவரு ஒழச்சிக் கொட்டுனாரு. என் பசங்களுக்குக்கூட ஒரு நாளு ஒண்ணு தேடி வாங்கியாந்ததில்ல. அந்த மனுஷன் மண்டையிலயே போட்டியேடி!"

கடைசி வார்த்தையில் சுமலதாவின் குரல் உடைந்தது. அது மட்டும் பொய்யில்லை என்று ஏஞ்சலுக்கே தெரிந்தது.

தையல் போடும் அறையின் கதவு திறந்தது. தலை முழுக்கக் கட்டோடு ஸ்டீபன் வந்தார். சட்டையின் முன்பக்கம் விறைத்துக் கறுத்திருந்தது.

"இன்னாய்யா, உன் சம்சாரம் சொல்றது நெசமா? இந்தம்மாதான் அடிச்சதா?" என்று கேட்டார் ஏட்டம்மா.

"ஆமா."

பென்னி தலைகுனிந்தான்.

"அடிச்சாங்க" என்றார் ஸ்டீபன் மறுபடியும். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "கம்பி கட்டிலு வேணாம்னு தலைப்பாடா அடிச்சிக்கினாங்க. நான்தான் கேக்கல. புள்ள மாட்டிக்கினப்போ இழுக்காதன்னு கத்துனாங்க. அதுவும் கேக்கல. பாப்பா கழுத்த ஒடிச்சிக்கினு இருந்தது நானு. அவங்க அடிக்கலன்னா இன்னும் இழுத்துக்கினேதான் இருந்திருப்பேன். இன்னேரம் கல்லறைக்கு ஆளு சொல்லிக்கினு இருப்போம்."

சுமலதா புருஷனின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். அவர் தலைக்கட்டின்மேல் புதிதாக ஒரு சிவப்பு பூத்தது. அவள் தன் கையையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"குடும்பமாய்யா இது?" என்றார் ஏட்டம்மா. ஆனாலும் குரல் தணிந்திருந்தது. "புகார்னு ஒண்ணு சொல்லிட்டாங்க. இந்தம்மா ஸ்டேஷனுக்கு வந்து ஐயாகிட்ட நடந்தத சொல்லியாவணும். ஜீப்ல ஏறு."

ஏஞ்சல் வார்டுக்குள் போய் ஸ்நேகாவைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் மூச்சு ஆவியாகப் படிந்து படிந்து மறைந்தது. பென்னியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கண்ண மூடாத. இம்மி கூட நவுராத" என்றாள். அவன் தலையாட்டினான்.

வெளியே வந்து ஸ்டீபன் எதிரில் நின்றாள். மன்னிப்பு அவள் வாயில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"மாமா, வேப்பம்பட்டுக்கு வண்டி ஓட்ட முடியுமா?"

"கண்ணு ஒண்ணு சரியா தெரியல. டிரைவர் எவனையாவது கூட்டிக்கினு போறேன்."

"வேற ஒருத்தங்களும் வராங்களாம். முந்திக்கணும்."

ஸ்டீபன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நடை கொஞ்சம் தள்ளாடியது. கேட்டைத் தாண்டும்போது ஓட ஆரம்பித்தார்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜீப்பின் பின்சீட்டிலேயே, ஏட்டம்மாவின் பக்கத்தில், வெயில் சாயும்வரை ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். கன்னத்துக் கீறல்கள் எரிந்தன. பென்னி இரண்டு தடவை போன் செய்து, மூச்சு சீராக இருக்கிறது என்றான்.

மூன்றாவது முறை அடித்தபோது திரையில் கல்பனாவின் பெயர்.

"ஏஞ்சல்மா... உங்க மாமா இன்னும் வரலையே. அந்த இன்னொருத்தங்க வந்துட்டாங்க. வண்டியோட நிக்கிறாங்க. அந்தம்மா பொண்ணு போன மாசம் கட்டில்லருந்து விழுந்து மண்டையில ஆபரேஷன் ஆயிருக்காம். தலை மொட்டையா, தையலோட, கையோட தூக்கிட்டு வந்திருக்காங்க. பார்க்கவே முடியலம்மா. நான் ஒரு பிள்ளைய தூக்கிக் குடுத்தவ. என்னால தீர்மானிக்க முடியல. நீங்களே சொல்லுங்க. யாருக்குக் குடுக்கட்டும்?"

ஏஞ்சல் கண்ணை மூடினாள். பார்க்காத அந்தக் குழந்தையின் தையல் போட்ட தலை தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே நீலமாகிக்கொண்டிருந்த முகமும் தெரிந்தது. மத்தியானம் ஸ்பேனரைப் பிடித்த கை, இப்போது போனைப் பிடித்திருந்தது. அப்போதும் இப்போதும் அந்தக் கைக்கு ஒரே ஒரு நியாயம்தான் தெரியும்.

"எனக்குத்தான்க்கா" என்றாள். "என் பொண்ணுக்குத்தான் வோணும். எங்க மாமா வர வரைக்கும் யாரையும் தொட வுடாதீங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. அப்புறம் ஏஞ்சலுக்குத் தெரியாத ஒரு பெண்குரல், அழுகையே இல்லாமல், வெகு அருகில் கேட்டது.

"நான் கட்டில ஏத்திக்கினு போறேன்மா. தைரியம் இருந்தா வந்து தடு."